பரிமாற்றில்லா வளையங்களில் டார்ஷனும் நிறைவாக்கமும்: கையால் போட்டுப் பார்க்கும் முறை

நிறைவாக்கம் என்றவுடன் நம் கை தானாகவே ஒரு வேலையைச் செய்யும். ஐடியலால் வகு, அதன் இரண்டாம் அடுக்கால் வகு, மூன்றாம் அடுக்கால் வகு, கடைசியில் தலைகீழ் எல்லை எடு. பரிமாற்று வளையங்களில் பழகிய எவருக்கும் இது ஊறிப்போன பழக்கம். அதே பழக்கத்தோடு நான் பரிமாற்றில்லா வளையங்களுக்குள் நுழைந்து, இரண்டு மாதம், இருநூறு பக்க நோட்டு ஒன்று தீரும்வரை கணக்குப் போட்டேன். டார்ஷன் (ஐடியலின் ஏதோ ஒரு அடுக்கால் அழியும் உறுப்புகள்) பக்கம் சொல்வதும் நிறைவாக்கப் பக்கம் சொல்வதும் எங்குமே பொருந்தவில்லை. கடைசியில் என் வழிகாட்டி பலகையில் 2×2 மேல் முக்கோண அணி ஒன்றை எழுதி, "இந்த வளையத்துக்கு முதலில் போட்டுப் பார்" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது.

எல்லையை முதலில் எடுத்ததுதான் தப்பு. முதலில் கணக்கிட வேண்டியது வளையத்தின் சொந்த டார்ஷன். நிறைவாக்கம் அதிலிருந்து வர வேண்டும். இந்த வரிசையில் எப்படிப் போவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஹோம், டென்சர், இன்ஜெக்டிவ் ரெசல்யூஷன், டிரைவ்டு கேட்டகரி ஆகியவற்றோடு ஓரளவு பழக்கம் இருந்தால் போதும்.

முழு எண்களில் ஒரு ஒத்திகை

முதலில் பரிமாற்று நிலை. முழு எண்களின் வளையத்தையும் பகா எண் 5-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குலத்தின் 5-டார்ஷன் என்பது 5-இன் ஏதோ ஒரு அடுக்கால் பெருக்கினால் பூச்சியமாகும் உறுப்புகள். முழு எண்களுக்குள் அப்படி எதுவும் இல்லை, பூச்சியத்தைத் தவிர. ஆனால் டிரைவ்டு டார்ஷன் எடுத்தால் 1-ஆம் படியில் ஒன்று கிடைக்கிறது: 5-இன் அடுக்குகளைப் பகுதியாகக் கொண்ட பின்னங்களை முழு எண்களால் வகுத்த ப்ரூஃபர் குலம். முழு எண்களின் 'சொந்த டார்ஷன்' என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி அந்தப் பொருளிலிருந்து டிரைவ்டு ஹோம் எடுங்கள். முழு எண்களுக்குள் எடுத்தால் 5-ஆடிக் முழு எண்கள் வருகின்றன. எல்லை எடுத்தாலும் அதேதான் வந்திருக்கும். ப்ரூஃபர் குலத்துக்குள் எடுத்தால் ஒரு வித்தியாசம். அது 5-ஆல் எப்போதும் வகுபடும் குலம். ஆகவே சாதாரண எல்லை பூச்சியம் என்கிறது. டிரைவ்டு ஹோமோ −1-ஆம் படியில் 5-ஆடிக் முழு எண்களைத் தருகிறது. சாதாரண எல்லைக்கு இடப்பக்க டிரைவ்டு ஃபங்டர் எடுத்தாலும் அதே விடை வரும்.

இந்தப் பொருத்தம் தற்செயலாக வந்ததில்லை. நோதேரியன் (எல்லா ஐடியலுக்கும் முடிவுறு எண்ணிக்கையில் பிறப்பிகள் உள்ள) பரிமாற்று வளையம் எதிலும், நிறைவாக்கத்தின் டிரைவ்டு ஃபங்டரும், வளையத்தின் டிரைவ்டு டார்ஷனிலிருந்து எடுத்த டிரைவ்டு ஹோமும் ஒன்றே. கிரீன்லீஸும் மேவும் 1992-இல் இதைத் தெளிவாக நிறுவினார்கள். மாட்லிஸ் அதற்கு முன்பே இந்தத் திசையில் நடந்திருந்ததால், டார்ஷன் பக்கத்துக்கும் நிறைவு பக்கத்துக்கும் இடையேயான சமநிலை இந்த மூவரின் முதலெழுத்துகளால் எம்ஜிஎம் என்று அழைக்கப்படுகிறது. ஆக, நிறைவாக்கத்துக்கு இரண்டு வரையறைகள்: ஒன்று எல்லை, இன்னொன்று ஹோம். பரிமாற்று உலகில் இரண்டும் ஒன்றாகவே நடப்பதால் நாம் கவனிப்பதில்லை. பரிமாற்றில்லா உலகில் இரண்டும் பிரிகின்றன. எம்ஜிஎம் ஹோமோடுதான் போகிறது.

பக்கத்தை முதலில் எழுதி வையுங்கள்

சின்ன விஷயம்தான், ஆனால் நோட்டின் முதல் வரியிலேயே எழுதுங்கள்: "எல்லா மாட்யூல்களும் இடப்பக்க மாட்யூல்கள்." நடுவில் பக்கம் மாறினால் விடை மாறும். எவ்வளவு மாறும் என்பதைக் கடைசியில் காட்டுகிறேன்.

அடுத்தது டார்ஷன் வகுப்பு. உள்மாட்யூல், ஈவு மாட்யூல், எவ்வளவு பெரிய நேர்க்கூடுதல், நீட்சி ஆகிய நான்கும் அந்த வகுப்புக்கு உள்ளேயே இருக்க வேண்டும். இந்தச் சட்டகம் 1960-களில் கப்ரியேல், டிக்சன் ஆகியோரின் வேலைகளில் வந்தது. அ என்ற இருபுற ஐடியலின் ஏதோ ஒரு அடுக்கால் அழியும் உறுப்புகளை டார்ஷன் என்று எடுத்தால், முதல் மூன்றும் சிக்கலில்லாமல் நிற்கும். நீட்சிதான் தகராறு செய்யும். அ-வுக்கு இடப்பக்க ஐடியலாக முடிவுறு எண்ணிக்கையில் பிறப்பிகள் இருந்தால் அதுவும் நிற்கும். காரணம் எளிது: அடுக்கின் ஒவ்வொரு பிறப்பிக்கும் தனித்தனியாக ஒரு அடுக்கு தேவைப்படும், பிறப்பிகள் முடிவுறு என்றால் அவற்றில் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், தவிர்க்காதீர்கள்.

முக்கோண அணி வளையம்

சரி, அந்தப் பலகைக்கு வருவோம். வளையம் வ என்பது ஒரு களத்தின் மேல் எழுதிய 2×2 மேல் முக்கோண அணிகள். மூன்று அடிப்படை உறுப்புகளுக்கும் பெயர் வைக்கிறேன்: மேல் இடது இடத்தில் 1 உள்ள அணி மே, கீழ் வலது இடத்தில் 1 உள்ள அணி கீ, மேல் வலது மூலையில் 1 உள்ள அணி மூ. பெருக்கல்கள்: மே·மே = மே, கீ·கீ = கீ, மே·மூ = மூ, மூ·கீ = மூ. மற்றவை எல்லாம் பூச்சியம்.

இந்த வளையத்தின் இடப்பக்க மாட்யூல் என்பது இரண்டு வெக்டர் வெளிகள், நடுவில் ஒரு நேரியல் மேப். மே பிரித்தெடுப்பது மேல் பாகம், கீ பிரித்தெடுப்பது கீழ்ப் பாகம். மூ கீழிருந்து மேலுக்குக் கொண்டுபோகிறது. மாட்யூலை இப்படி ஒரு படமாகப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாம் ஒரு வரிக் கணக்கு.

ஐடியல் அ என்பது மூ, கீ இரண்டும் சேர்ந்து பரப்பும் ஐடியல். மூ = மூ·கீ, கீ = கீ·கீ என்பதால் அ-வின் இரண்டாம் அடுக்கும் அ-வேதான். அ-வால் அழியும் உறுப்பு எது? கீ அழிக்க வேண்டும் என்றாலே அது மேல் பாகத்தில் இருக்கிறது. அங்கே மூ எப்படியும் பூச்சியமாகத்தான் செயல்படும். ஆக டார்ஷன் என்பது மேல் பாகம். இது எக்ஸாக்ட் ஃபங்டர், டிரைவ்டு பாகங்கள் எதுவும் இல்லை.

இப்போது ப என்று பெயர் வைத்து வளையத்தின் சொந்த டார்ஷனை எடுங்கள். வ-வை இடப்பக்க மாட்யூலாகப் பார்த்தால் அதன் மேல் பாகம், அதாவது மேல் வரிசை: மே-யும் மூ-வும் பரப்பும் இரு பரிமாண வெளி. இங்கே கவனம் வேண்டும். ப வெறும் இடப்பக்க மாட்யூலாக நின்றுவிடாமல், இரண்டு பக்கமும் வளையம் செயல்படும் பைமாட்யூலாக இருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து மூ-வால் பெருக்கினால் மே மூ-வாக மாறும். இந்த வலப்பக்கச் செயலை மறந்தால் அடுத்த படி தவறிவிடும்.

ப-வோடு டென்சர் எடுத்தால் டார்ஷன் திரும்ப வருகிறதா? மேல் வரிசை வலப்பக்க மாட்யூலாகப் புரொஜெக்டிவ். அதோடு எந்த மாட்யூலை டென்சர் செய்தாலும் அதன் மேல் பாகம்தான் கிடைக்கும். ப-வையே ப-வோடு டென்சர் செய்தால் மீண்டும் ப. இரண்டும் சரியாக வந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

இனி ம என்ற இடப்பக்க மாட்யூலின் நிறைவாக்கம்: ப-விலிருந்து ம-வுக்கு ஹோம். இடப்பக்கத்தில் ப என்பது, மேல் பாகத்தில் மட்டும் ஒரு பரிமாணம் உள்ள எளிய மாட்யூலின் இரண்டு பிரதிகள். ஆகவே ஹோம் என்பது ம-வின் மேல் பாகம் இரண்டு தடவை, ஒன்று மேலே, ஒன்று கீழே. வலப்பக்கச் செயல்தான் இவ்விரண்டையும் இணைக்கிறது. இணைக்கும் மேப் அடையாள மேப். கீழ்ப் பாகம் என்னவாக இருந்தாலும் நிறைவாக்கம் அதைத் தூக்கிவிட்டு, மேல் பாகத்தின் பிரதியை அந்த இடத்தில் வைக்கிறது. நிறைவான மாட்யூல் என்றால் நடு மேப் ஐசோமார்ஃபிசமாக உள்ள மாட்யூல். டார்ஷன் மாட்யூல் என்றால் கீழ்ப் பாகமே இல்லாத மாட்யூல். இரண்டு வகுப்புகளும் வேறுவேறு. ஆனால் இரண்டையும் ஒரே ஒரு வெக்டர் வெளி தீர்மானிக்கிறது. எம்ஜிஎம் சமநிலை கண்முன்னே நிற்கிறது.

இதே ஐடியலுக்கு நான் பழைய பழக்கப்படி எல்லை எடுத்தபோது என்ன வந்தது? அ-வின் அடுக்குகள் எல்லாம் ஒன்றே என்பதால் எல்லை என்பது அ-வால் வகுத்தல், அதாவது நடு மேப்பின் கோகெர்னல். மேலும் கீழும் ஒரு பரிமாணம், நடுவில் அடையாள மேப் உள்ள மாட்யூலைப் பாருங்கள். அது ஏற்கெனவே நிறைவானது. எல்லையோ அதைப் பூச்சியமாக்கிவிடுகிறது! டிரைவ்டு ஃபங்டர் எடுத்தாலும் காப்பாற்ற முடியாது. கூடுதலாக வருவது கெர்னல் மட்டுமே, அதுவும் இங்கே பூச்சியம். என் இருநூறு பக்கமும் இந்த ஒரு வரியில் இருந்த பிழையைத்தான் வெவ்வேறு உருவத்தில் திரும்பத் திரும்பச் சந்தித்திருந்தது.

எந்த நிபந்தனைகளைச் சோதிப்பது

எல்லா டார்ஷன் வகுப்புக்கும் இப்படி அமையாது. வியாஸ், யெகுதியேலி இருவரும் 2018-இல் பரிமாற்றில்லா எம்ஜிஎம் சமநிலையை மூன்று நிபந்தனைகளோடு நிறுவினார்கள். முதல் இரண்டை வேகமாகச் சொல்லிவிடலாம். டிரைவ்டு டார்ஷன் ஃபங்டர்கள் நேர்க்கூடுதலோடு ஒத்துப்போக வேண்டும். வளையம் இடப்பக்க நோதேரியன் என்றால் இது தானாக வரும். ஏதோ ஒரு படிக்கு மேல் அவை மறைய வேண்டும். ஹோமலாஜிகல் பரிமாணம் முடிவுறு என்றால் இதுவும் தானாக வரும்.

மூன்றாவதுதான் விஷயத்தின் உயிர். பழைய நூல்களில் கேட்கப்படும் நிலைத்தன்மை என்பது, டார்ஷன் மாட்யூலின் இன்ஜெக்டிவ் உறையும் டார்ஷனாக இருக்க வேண்டும் என்பது. பரிமாற்று நோதேரியன் வளையத்தில் அது எப்போதும் உண்மை. மேலே பார்த்த முக்கோணத்தில் அது பொய்: மேல் பாகம் மட்டும் உள்ள எளிய மாட்யூலின் இன்ஜெக்டிவ் உறை, அடையாள மேப் கொண்ட அந்த மாட்யூல், அதற்குக் கீழ்ப் பாகம் உண்டு. ஆனாலும் எம்ஜிஎம் அங்கே நின்றது அல்லவா? ஏனென்றால் உண்மையில் தேவைப்படுவது இதைவிட வலு குறைந்த நிபந்தனை: எந்த இன்ஜெக்டிவ் மாட்யூலின் டார்ஷன் பாகத்தை எடுத்தாலும், அதன் மேல்படி டிரைவ்டு டார்ஷன்கள் பூச்சியமாக வேண்டும். முக்கோணத்தில் டார்ஷன் எக்ஸாக்ட், கேள்விக்கே இடமில்லை. இந்த வலு குறைந்த நிபந்தனையைக் கண்டெடுத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். நிலைத்தன்மையை மட்டும் சோதித்துவிட்டு "இந்த வளையத்தில் ஒன்றும் நடக்காது" என்று கைவிட்டவர்களில் நானும் ஒருவன்.

பொதுவான வளையத்தில் ப-வைக் கணக்கிடும்போது வளையத்துக்கு இன்ஜெக்டிவ் ரெசல்யூஷன் எடுப்பீர்கள். அதை இடப்பக்க மாட்யூலாக மட்டும் எடுத்தால் வலப்பக்கச் செயல் காணாமல் போகும். பைமாட்யூலாகவே எடுங்கள். அடித்தளமான பரிமாற்று வளையத்தின் மேல் வ ஃபிளாட்டாக இருந்தால், இன்ஜெக்டிவ் பைமாட்யூல் இடப்பக்கத்திலும் இன்ஜெக்டிவ்தான். களத்தின் மேல் இருக்கிறீர்கள் என்றால் கவலையே வேண்டாம்.

நோதேரியனாக இருந்தும் எல்லை ஏமாற்றும் இடம்

முக்கோணத்தில் ஐடியலின் அடுக்குகள் ஒரே இடத்தில் நின்றுவிட்டன, அதனால்தான் எல்லை கெட்டது என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால் இன்னொரு வளையம்.

சிறப்பியல்பு பூச்சியமான களத்தின் மேல், எக்ஸ், ஒய் என்ற இரண்டு பிறப்பிகள்; விதி: எக்ஸ்·ஒய் − ஒய்·எக்ஸ் = ஒய். இரு பரிமாண லீ இயற்கணிதம் ஒன்றின் உறை வளையம் இது. நோதேரியன், பூச்சிய வகுப்பிகள் இல்லை, ஹோமலாஜிகல் பரிமாணம் 2. எக்ஸ், ஒய் இரண்டும் பிறப்பிக்கும் ஐடியலை அ என்க. விதியைப் பாருங்கள்: ஒய் அ-வின் இரண்டாம் அடுக்குக்குள்ளேயே இருக்கிறது. அப்படியானால் எல்லா அடுக்குக்குள்ளும் இருக்கிறது. எல்லை எடுத்தால் எக்ஸ்-இன் அடுக்குத் தொடர்கள் மட்டும் மிஞ்சும், ஒய் மறைந்துபோகும்.

இதற்கு இரு பரிமாண மாட்யூல் ஒன்று செய்வோம். அதன் அடிப்படை வெக்டர்கள் அடி, நுனி. அடியை எக்ஸ், ஒய் இரண்டும் பூச்சியமாக்கும். எக்ஸ் நுனியை −நுனி ஆக்கும். ஒய் நுனியை அடி ஆக்கும். விதி நிற்கிறதா என்று நுனியின் மேல் போட்டுப் பாருங்கள்: எக்ஸ்·ஒய் பூச்சியம், ஒய்·எக்ஸ் −அடி, வித்தியாசம் அடி, அதுதான் ஒய் தருவதும். நிற்கிறது. டார்ஷன் பாகம் அடி மட்டும். எக்ஸ் நுனியை எத்தனை தடவை பெருக்கினாலும் அழிப்பதில்லை. ஆனால் பூச்சியமில்லாத எந்த உள்மாட்யூலும் அடியைத் தொட்டே ஆக வேண்டும். ஆகவே இங்கும் நிலைத்தன்மை பொய்.

எல்லை என்ன சொல்கிறது? அ-வை இந்த மாட்யூலின் மேல் பெருக்கினால் அடியும் வருகிறது, நுனியும் வருகிறது. ஆகவே நிறைவாக்கம் பூச்சியம். அடி என்ற உள்மாட்யூலுக்கோ நிறைவாக்கம் அடியேதான். நோதேரியன் வளையம், முடிவுறு மாட்யூல். அப்படியிருந்தும் ஆர்ட்டின்–ரீஸ் பண்பு (பெரிய மாட்யூலில் ஐடியலின் அடுக்குகள் உள்மாட்யூலை வெட்டும் விதம், உள்மாட்யூலின் சொந்த அடுக்குகளோடு ஒத்துப்போவது) இல்லாததால் எக்ஸாக்ட் தன்மை போய்விட்டது.

டார்ஷன் பக்கம் சொல்வதைக் கேளுங்கள். அடியால் வகுத்தால் மிஞ்சுவது, எக்ஸ் −1 ஆகவும் ஒய் பூச்சியமாகவும் செயல்படும் ஒரு பரிமாண மாட்யூல். அற்ப மாட்யூலிலிருந்து (எக்ஸ், ஒய் இரண்டும் பூச்சியமாகச் செயல்படும் ஒரு பரிமாண மாட்யூல்) அதற்கு எக்ஸ்ட், அதாவது ஹோமின் டிரைவ்டு பாகங்கள், கணக்கிடும் காம்ப்ளெக்ஸில் எக்ஸ்-இன் ஐகன் மதிப்புகள் −1, −2 மட்டுமே வருகின்றன, பூச்சியம் வரவே வராது. எக்ஸ்ட் எல்லாம் பூச்சியம். ஆகவே டிரைவ்டு டார்ஷனும் பூச்சியம். அதாவது டிரைவ்டு டார்ஷனின் பார்வையில் அடியும் முழு மாட்யூலும் ஒன்றே. அப்படியானால் சரியான நிறைவாக்கத்தின் பார்வையிலும் அவை ஒன்றாக இருக்க வேண்டும். எல்லையோ ஒன்றுக்கு ஒரு பரிமாணமும் இன்னொன்றுக்குப் பூச்சியமும் தந்தது.

மூன்றாவது நிபந்தனை இந்த வளையத்தில் நிற்கிறதா என்றும் போட்டுப் பார்த்துவிடுங்கள். அற்ப மாட்யூலுக்கும் தனக்கும் இடையே முதல் எக்ஸ்ட் ஒரு பரிமாணம், இரண்டாவது பூச்சியம். அந்த ஒரு பரிமாணமும் எக்ஸ்-இன் அடுக்குகள் வழியே மேலே போகும்போது மறைகிறது. ஆகவே டார்ஷன் மாட்யூல்களுக்கு மேல்படி டார்ஷன் இல்லை. நிபந்தனை நிற்கிறது, எம்ஜிஎம் நிற்கிறது. விழுந்தது எல்லை மட்டும்.

எப்போது எல்லையைப் பயமில்லாமல் எடுக்கலாம் என்று கேட்டால், ஒரு நம்பகமான சூழல் உண்டு: நோதேரியன் வளையத்தில் ஐடியலின் பிறப்பிகள் மையத்தில் இருந்தால் ஆர்ட்டின்–ரீஸ் பண்பு கிடைக்கும், முடிவுறு மாட்யூல்களின் மேல் எல்லை எக்ஸாக்ட் ஆகும். பிறப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக, முந்தையவற்றால் வகுத்தபின் மையத்தில் இருக்கும்படி அடுக்க முடிந்தாலும் போதும். நில்பொட்டன்ட் லீ இயற்கணிதங்களின் உறை வளையத்தில் எக்ஸ், ஒய் போன்ற பிறப்பிகள் எல்லாம் சேர்ந்த ஐடியல் அப்படிப்பட்டது. நம் வளையத்தில் ஒய் மையத்தில் இல்லை, அங்கேதான் அறுந்தது.

ஓர் உறுப்பைத் தலைகீழாக்க முடிந்தால்

நடைமுறையில் எனக்கு மிகவும் உதவும் வழி இது. பூச்சிய வகுப்பிகள் இல்லாத ஓர் உறுப்புக் கூட்டம், ஓரே (Ore) என்பவரின் பெயரால் வரும் இடப்பக்க நிபந்தனையை (பின்னத்தின் பகுதியை எப்போதும் இடப்பக்கத்துக்கு நகர்த்த முடியும் என்பது) நிறைவேற்றினால், அவற்றைத் தலைகீழாக்கிய வளையத்தைக் கட்டலாம், அது ஃபிளாட். அப்போது ப என்பது, வளையத்திலிருந்து அந்தப் பெரிய வளையத்துக்குப் போகும் மேப், 0, 1 என்ற இரண்டு படிகளில். இன்ஜெக்டிவ் மாட்யூலை இந்த உறுப்புகளால் எப்போதும் வகுக்க முடியும் என்பதுதான் இதற்குக் காரணம். மூன்று நிபந்தனைகளும் இந்த வடிவத்திலிருந்தே கிடைத்துவிடும், தனியாகச் சோதிக்க வேண்டாம்.

லீ வளையத்தில் எக்ஸ்·ஒய் = ஒய்·(எக்ஸ் + 1). ஆகவே ஒய்-இன் அடுக்குகள் ஓரே நிபந்தனையை (Ore) நிறைவேற்றுகின்றன. ஒய்-ஐ மட்டும் வைத்து டார்ஷன் எடுத்தால், அடி–நுனி மாட்யூல் முழுவதும் டார்ஷன், முழுவதும் நிறைவானது. ஒய்-ஐத் தலைகீழாக்கிய வளையத்திலிருந்து, ஒய் இரண்டு தடவையில் அழிக்கும் எந்த மாட்யூலுக்கும் டிரைவ்டு ஹோம் பூச்சியம் என்று காட்டினால் போதும். ஒய் ஒரே தடவையில் அழிக்கும் மாட்யூலுக்கு முதலில் காட்டுங்கள், அப்புறம் நீட்சியால் மேலே வாருங்கள்.

பக்கம் மாறினால்

முன்பு சொன்ன கடனைத் தீர்க்கிறேன். அதே முக்கோண வளையம், அதே ஐடியல், இந்த முறை வலப்பக்க மாட்யூல்கள். இப்போது மாட்யூல் என்பது மேலிருந்து கீழுக்கு ஒரு மேப். டார்ஷன் அதன் கெர்னல். முதல் டிரைவ்டு டார்ஷன் அதன் கோகெர்னல். வளையத்துக்கே போட்டால் கெர்னல் பூச்சியம், கோகெர்னல் ஒரு பரிமாணம். இடப்பக்கத்தில் வளையத்தின் சொந்த டார்ஷன் 0-ஆம் படியில் இரண்டு பரிமாணம். வலப்பக்கத்தில் 1-ஆம் படியில் ஒரு பரிமாணம். ஒரே ஐடியல்தான். இரண்டு பக்கமும் ஒத்துப்போவது தனியாக நிறுவ வேண்டிய விஷயம். கிரேடட் வளையங்களில் இதற்குக் கைகொடுப்பது, ஆர்ட்டினும் ஜாங்கும் 1994-இல் கொண்டுவந்த, கை (χ) என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கும் நிபந்தனை. பைமாட்யூல் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் எந்தப் பக்கத்தின் டார்ஷன் என்று ஓரத்தில் ஒரு எழுத்துப் போட்டு வையுங்கள். என் இரண்டாவது நோட்டில் எல்லாப் பக்கத்திலும் அந்த எழுத்து இருக்கிறது.